‘வாரியர் விதின்’ நல்ல கேமா? ஆடியவர்கள் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது

இராயக்கோட்டையிலிருந்து உத்தனப்பள்ளி வழியாக ஓசூர் போகும் சாலையில் கம்பெனி பஸ் ஏறும் இளைஞர்களின் செல்போனில் ஓடுவது பெரும்பாலும் பி.ஜி.எம்.ஐ. அல்லது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். இரண்டுக்கும் இன்டர்நெட் வேண்டும். அன்றைய டேட்டா தீர்ந்த ராத்திரியில், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், வேறொரு ஆப் திறக்கிறது. சோனியின் பழைய பி.எஸ்.பி. கருவிக்கு வந்த கேம்களை செல்போனில் ஓட வைக்கும் எமுலேட்டர் அது. அதில் ‘காட் ஆஃப் வார்’ இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: ரெவலேஷன்ஸ்’ இருக்கும்.

‘ரெவலேஷன்ஸ்’ தனிக் கேம் அல்ல. 2004-இன் கடைசியில் கம்ப்யூட்டருக்கும் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகியவற்றுக்கும் வந்த ‘வாரியர் விதின்’தான், அடுத்த வருடம் சில கூடுதல் இடங்களோடு பெயர் மாறி பி.எஸ்.பி.க்கு வந்தது. இருபது வருடப் பழைய கேம். இன்றைக்கு அதை முதன்முறையாகத் திறக்கும் இருபது வயதுப் பையன், தனக்கு மூத்தவர் யாரிடமாவது கேட்கிறான்: “அண்ணா, இது எப்படி இருக்கும்?”

ஒருவர் சொல்வார்: “செம கேம் தம்பி, அந்த மாதிரி சண்டை அப்புறம் எதுலயும் பார்க்கல.” இன்னொருவர் சொல்வார்: “முதல் பாகத்தை ஆடு. இது வெறும் வெட்டுக்குத்து, மண்டை காயும்.” இருவருமே கடைசிவரை ஆடியவர்கள், இருவருமே பொய் சொல்லவில்லை. பின் ஏன் இந்த முரண்? கடினமான, ரத்தம் தெறிக்கும் இரண்டாம் பாகம் எதைப் பற்றிக் கேட்டாலும் இதே கதைதான். ஒரே மூச்சில் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் வருகிறது. கேம் நியாயமாகக் கடினமா, அல்லது எரிச்சலூட்டும் கடினமா? அதன் வன்முறை கதைக்குத் தேவையா? முதல் பாகத்தில் நாம் நேசித்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறானா? ‘வாரியர் விதின்’ இந்த மூன்றுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்லும் கேம். அதனால்தான் அதை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

கொஞ்சம் முன்கதை. அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்டான் மெக்னர் 1989-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காகத் தனியாளாக உருவாக்கியது முதல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அந்த அசைவுகளை ஒவ்வொன்றாக வரைந்து இளவரசனுக்குக் கொடுத்தார். அதனால்தான் அந்தச் சின்ன உருவம் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது நம் விரலும் இறுகியது. அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் டாஸ் திரையில் அதை ஆடிய தலைமுறை ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது. அது சுலபமான கேம் இல்லை. ஆக, கடினம் இந்த வரிசைக்குப் புதிதல்ல.

2003-இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரில் உள்ள யூபிசாஃப்ட் ஸ்டுடியோ ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்று அதற்கு முப்பரிமாண உயிர் கொடுத்தது. கதையை எழுதியவர் மெக்னரே. காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் குத்துவாள், சுவரில் ஓடும் இளவரசன், கூடவே வரும் ஃபாரா என்ற இளவரசி, இருவருக்கும் இடையே சீண்டலும் வெட்கமும் கலந்த பேச்சு. முழுக் கேமும் இளவரசன் யாருக்கோ சொல்லும் கதையாக நடக்கும். நாம் விழுந்து செத்தால், அப்படி நடக்கவில்லை என்று அவனே தன் கதையைத் திருத்திக்கொள்வான். ஒரு கேம் இவ்வளவு மென்மையாக நம் தோல்வியை எடுத்துக்கொண்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அதன் சண்டைகள் ஒரே மாதிரி இருக்கின்றன, விற்பனையும் பாராட்டுக்கு ஈடாக இல்லை என்ற பேச்சும் இருந்தது.

அடுத்த வருடமே வந்த இரண்டாம் பாகத்தில் அந்தப் பையனைக் காணோம். கதைப்படி ஏழு வருடம் ஓடியிருக்கிறது. காலத்தைத் திருப்பும் அந்த மந்திர மணலை முதல் பாகத்தில் அவிழ்த்துவிட்டவன் செத்திருக்க வேண்டும், அதுதான் விதி. சாகாமல் தப்பியவனைப் பிடிக்க, காலத்தின் காவலனாகிய டஹாகா என்னும் கரிய பூதம் ஏழு வருடமாகத் துரத்துகிறது. தூக்கம் கெட்டு, முகம் கறுத்து, எதற்கெடுத்தாலும் சீறும் ஆளாக இளவரசன் மாறிவிட்டான். மணல் உருவாவதையே தடுத்துவிட்டால் விதி மாறும் என்று காலத் தீவுக்குக் கப்பல் ஏறுகிறான். குரல் கொடுத்தவரும் மாறிவிட்டார். பின்னணியில் காட்ஸ்மேக் என்ற ஹெவி மெட்டல் குழுவின் இசை. அமெரிக்காவில் பதின்வயதினருக்கு உகந்தது என்று சான்று பெற்றிருந்த வரிசை, இந்தப் பாகத்தில் பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று மாறியது.

இப்போது முதல் கேள்வி, கடினம். டஹாகா துரத்தும் ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்போம். அமைதியான ஒரு நடைபாதை. திடீரென்று திரையின் நிறம் வடிந்து சாம்பல் பூசியது போலாகும். கிடார் கிளம்பும். பின்னால் சுவரை உடைத்துக்கொண்டு அது வரும். நமக்கு நேரே பள்ளம். சுவரில் ஓடி, கம்பத்தைப் பிடித்து, அங்கிருந்து அடுத்த விளிம்புக்குத் தாவ வேண்டும். எங்கே தாவுவது என்று யோசிக்க நின்றால் கறுப்புக் கை ஒன்று முதுகில் விழும். கடைசியில் ஒரு நீர்த்திரை இருக்கும். அதற்குள் புகுந்துவிட்டால் தப்பித்தோம், டஹாகாவால் தண்ணீரைக் கடக்க முடியாது. அந்த நீர்த்திரைக்கு மூன்றடி முன்னால் பிடிபட்டுச் செத்த கடுப்பை ஆடிய எல்லோரும் அனுபவித்திருப்பார்கள். ஆனாலும் அந்தத் துரத்தலைத் திட்டி நான் யாரிடமும் கேட்டதில்லை. ஏனென்றால் வழி எப்போதும் கண்ணெதிரே இருக்கிறது. செத்தால் நம் தப்பு. அடுத்த முறை இரண்டடி கூடுதலாக ஓடுவோம்.

கபடியில் கோடு தெளிவாக இருக்கும்வரை அவுட்டானவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போவான். கோடு அழிந்திருந்தால்தான் சண்டை வரும். ‘வாரியர் விதின்’ பற்றிய கோபமெல்லாம் கோடு அழிந்த இடங்களைப் பற்றியதுதான். நான்கு பேர் சூழ்ந்து அடிக்கும்போது கேமரா தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், அடி எங்கிருந்து விழுகிறது என்றே தெரியாது. நிகழ்காலத்துக்கும் கடந்தகாலத்துக்கும் மாறி மாறிப் போக வேண்டியிருப்பதால், ஏற்கெனவே வந்த கோட்டைக்குள்ளேயே வழி தெரியாமல் அரை மணி நேரம் அலைவோம். நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. தண்ணீர்த் தொட்டி வரும் இடத்தில் குடித்தால்தான் பதிவாகும். காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு என்றாலும் அதற்கான மணல் அளவோடுதான் கிடைக்கும். அது தீர்ந்தபின் தவறி விழுந்தால் ஆடிய பகுதியை மறுபடி ஆட வேண்டியதுதான்.

செல்போனில் ஆடுபவர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. சுவரில் ஓடுவதற்கும் காலத்தைத் திருப்புவதற்கும் பி.எஸ்.பி.யில் ஆள்காட்டி விரல்கள் வேலை செய்யும். அதன் மேல் விளிம்பில் உண்மையான பட்டன்கள் உண்டு. செல்போனில் அதே பட்டன்கள் கண்ணாடிமேல் வரைந்த வட்டங்கள்தான். ஓடுவது, தாவுவது, பிடிப்பது எல்லாமே இரண்டு கட்டைவிரல்களின் தலையில் விழுகிறது. டஹாகாவிடம் மாட்டிக்கொண்டு “இந்த கேம் முடியாதுடா” என்று போனைத் தூக்கிப் போடுபவரின் கருத்து அந்தக் கண்ணாடியைப் பற்றியது, கேமைப் பற்றியது இல்லை. எமுலேட்டரின் அமைப்புகளில் பட்டன்களைப் பெரிதாக்கி, விரலுக்கு வாகான இடத்துக்கு நகர்த்தலாம். ப்ளூடூத் கன்ட்ரோலர் இணைத்தால் வேறு கேம் ஆடுவது போலவே இருக்கும். ஆக, ஒருவர் கடினம் என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: எதில் ஆடினீர்கள்?

இதோடு சொல்லிவிட வேண்டியது, எமுலேட்டர் என்ற மென்பொருளை வைத்திருப்பதில் தவறில்லை. அதற்குள் போடும் கேம் ஃபைலை எங்கிருந்தோ இறக்குவது திருட்டுப் பிரதிதான். அப்படி இறக்கும் இடங்களில் கேமோடு வைரஸும் இறங்குவது சகஜம். ‘வாரியர் விதின்’ கம்ப்யூட்டர் பதிப்பு ஸ்டீமிலும் ஜி.ஓ.ஜி.யிலும் முறையாக விற்பனைக்கு வந்திருக்கிறது. அது வந்த காலத்தில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஓடவே ஓடாது. ஓசூர்ப் பக்கத்தவர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய்க் கார்டு வாங்கிவந்து மாட்டிய காலம் அது. இன்றைக்கு சாதாரண லேப்டாப்பே அதைத் தாங்கும்.

இரண்டாவது கேள்வி, வன்முறை. முதல் பாகத்தில் வெட்டுப்பட்ட எதிரி மணலாக உதிர்வான். இங்கே தலை பறக்கும், உடல் இரண்டாகும், அது சரியாகத் தெரிய வேண்டும் என்று காட்சியே மெதுவாகும். இதை ரசித்தவர்கள் ரத்தத்தை மட்டும் ரசித்தார்கள் என்று சொல்வது அநியாயம். இரண்டாவது கையில் எதிரியின் ஆயுதத்தையே பிடுங்கிக்கொள்ளலாம், அது உடையும்வரை வீசலாம், அல்லது தூக்கி எறியலாம். எதிரியின் தோளில் கைவைத்துத் தாண்டலாம், தூணைச் சுற்றிச் சுழன்று வெட்டலாம். முதல் பாகத்தில் சலித்துப்போன சண்டை இங்கே சிலம்பம் போல ஒரு வித்தையாகிவிட்டது. “சண்டை மாஸ்” என்பவர் பேசுவது அந்த வித்தையைப் பற்றி. “ஒரே ரத்தம்” என்பவர் பேசுவது அதன்மேல் பூசிய வண்ணத்தைப் பற்றி. என்னைக் கேட்டால் அந்த வித்தை அருமை, அந்த வண்ணம் தேவையே இல்லை. முதல் சண்டையில் வரும் ஷாடீ என்ற எதிரிக்குக் கொடுத்திருக்கும் உடை, வீட்டில் யாரும் இருக்கும்போது அந்தக் காட்சியை ஓட்ட முடியாத அளவுக்கு மலிவானது. இந்தப் பாகத்தின் படைப்பில் மெக்னருக்குப் பங்கில்லை. அதன் கலைப்போக்கும் வன்முறையும் தன் ரசனைக்கு உகந்தவை அல்ல என்று 2005-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

பெற்றோர் கேட்பது வேறு: இதை ஆடினால் பையன் முரடனாகிவிடுவானா? அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் இதைப் பற்றி எடுத்த நிலை நிதானமானது. கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன மூர்க்கங்களோடு வன்முறைக் கேம்களுக்குச் சிறிய தொடர்பு தென்படுகிறது. கொலை, தாக்குதல் போன்ற வன்செயல்களுக்கு அவற்றைக் காரணமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அதற்காகப் பத்து வயதுக் குழந்தை கையில் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. சினிமாவுக்குத் தணிக்கைச் சான்று பார்ப்பது போலக் கேமுக்கும் வயதுக் குறியீடு உண்டு. பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழேயே 3, 7, 12, 16, 18 என்று எண் இருக்கும். சிக்கல் என்னவென்றால், எமுலேட்டரில் ஃபைலாக வரும் பழைய கேமுக்கு அந்த எண் தெரியாது. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்: ‘வாரியர் விதின்’, ‘ரெவலேஷன்ஸ்’, ‘காட் ஆஃப் வார்’ மூன்றும் பெரியவர்களுக்கானவை.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமானது. இந்த இளவரசன் அந்த இளவரசன்தானா? முதல் பாகத்தை ஆடிவிட்டு வந்தவர்களுக்கு வலித்தது இதுதான். ரத்தத்தைக்கூட மன்னித்திருப்பார்கள். கதை சொல்லியபடி, தன் தவறுக்கு வெட்கப்பட்டபடி வந்த ஒருவன் ஏன் வாயைத் திறந்தால் திட்டுகிறான்? இந்தப் பாகத்தையே முதலில் ஆடியவர்களுக்கு அந்த இழப்பு தெரியாது. நம் பக்கம் சிடி கடைகளில் கைக்குக் கிடைத்ததை எந்த வரிசையும் இல்லாமல் ஆடியவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பாரசீக இளவரசன் என்றால் இந்தச் சீறும் ஆள்தான். பின்னால் முதல் பாகத்துக்குப் போய்ப் பார்த்து, “என்ன இவன் இவ்வளவு சாதுவா இருக்கான்” என்று கேட்டவர்களும் உண்டு. ஆக, கருத்து சொல்பவர் எந்தப் பாகத்தின் வழியாக உள்ளே வந்தார் என்பதைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஆனால் கேமை முடித்தவர்கள் சொல்லும் இன்னொரு கருத்து உண்டு. கதையை முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

மணல் உருவாவதைத் தடுக்க வந்த இளவரசன், காலத்தின் பேரரசியைக் கொல்கிறான். அவள் சாவிலிருந்துதான் அந்த மணலே உருவாகிறது. விதியை மாற்ற ஓடிவந்தவனே அதை நிறைவேற்றி வைக்கிறான். பிறகு ஒரு முகமூடியை அணிந்து மணல் ஆவியாக மாறிக் கடந்தகாலத்துக்குள் நுழைகிறான். கேமின் முற்பகுதியில் அவனைப் பின்தொடர்ந்த மர்ம உருவம் ஒன்றைப் பார்த்தோமே, அது அவனேதான். இந்த ஆவி வடிவில் அவன் உயிர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருக்கும், பதிலுக்கு மணல் தானாக நிரம்பும். கடினம் இங்கே கதையின் பொருளாகவே மாறிவிடுகிறது. உயிர் குறையக் குறைய நேரம் கையில் கூடுகிறது, விதியை ஏமாற்றுவதற்கு அதுதான் விலை. பத்து மணி நேரம் அவன் ஏன் சீறினான் என்பது இந்த இடத்தில் புரிகிறது. முதல் மூன்று மணி நேரத்தில் விட்டுவிட்டுக் கருத்து சொன்னவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

அதனால்தான் எவ்வளவு தூரம் ஆடினார் என்பது கருத்தின் எடையைத் தீர்மானிக்கிறது. ஸ்டீமில் ஒருவர் கருத்து எழுதினால் அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பக்கத்திலேயே தெரியும். நட்சத்திரமெல்லாம் கிடையாது, பரிந்துரைக்கிறேன் அல்லது இல்லை, அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் ஆடியவரின் “இல்லை” பெரும்பாலும் கேமராவைப் பற்றி இருக்கும். நாற்பது மணி நேரம் ஆடியவரின் “இல்லை”யை நின்று படியுங்கள், அதில் விஷயம் இருக்கும். 2020 ஜூனில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் வந்த அன்றே, விமர்சன மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் அதற்குப் பூஜ்யம் கொடுத்தார்கள். முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் கேம் அது. அடுத்த மாதமே, கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர்கள் மதிப்பெண் போடலாம் என்று அந்தத் தளம் விதியை மாற்றியது. அதே வருடம் வந்த ‘டூம் எடர்னல்’ பற்றிய சண்டை வேறு வகை. முந்தைய பாகத்தில் தாராளமாகக் கிடைத்த தோட்டா இதில் சட்டென்று தீரும், மராடர் என்ற எதிரியை ஒரு குறிப்பிட்ட நொடியில் அடித்தால்தான் அடி விழும். தங்களை ஒரே விதமாக ஆடக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்றனர் சிலர். அந்தக் கட்டாயம்தான் தங்களைத் தேர்ந்த ஆட்டக்காரராக ஆக்கியது என்றனர் மற்றவர்கள். அங்கே ரத்தத்தைப் பற்றிப் பெரிதாக யாரும் வாதாடவில்லை.

ஆடியவர்களின் பேச்சு அடுத்த படைப்பையே மாற்றும் என்பதற்கும் இளவரசனே சாட்சி. 2005-இன் கடைசியில் வந்த மூன்றாம் பாகமான ‘தி டூ த்ரோன்ஸ்’, முதல் பாகத்தின் குரலைத் திரும்பக் கொண்டுவந்தது. ஃபாராவும் திரும்ப வந்தாள். அதற்காக இரண்டாம் பாகத்தை அழித்துவிடவும் இல்லை. ஒரே உடலுக்குள் மென்மையான இளவரசனும், சங்கிலி ஆயுதத்தோடு சீறும் இருண்ட இளவரசனும் மாறி மாறி வருவார்கள், ஒருவரோடு ஒருவர் வாதாடுவார்கள். ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்று போட்ட சண்டையைக் கதாநாயகனின் மண்டைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. நம் நாட்டிலும் இதன் ஒரு கிளை உண்டு. ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கேமைப் புதுப்பிக்கும் வேலை யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் கொடுக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் முன்னோட்டம் வந்தது. படத்தின் தரம் போதவில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 2021 ஜனவரி என்று அறிவித்த தேதி தள்ளிப்போனது. 2022-இல் அந்த வேலை மொன்ட்ரியாலுக்கே போய்விட்டது.

இப்போது ‘ரெவலேஷன்ஸ்’ஸையோ ‘வாரியர் விதின்’னையோ திறக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். கோட்டை முழுவதும் பொறிகள் நிறைந்த ஒன்பது ரகசிய நடைபாதைகள் உண்டு. ஒவ்வொன்றின் கடைசியிலும் இளவரசனின் உயிர் அளவு கூடும். ஒன்பதையும் முடித்தவருக்கு மட்டும் நீர்வாள் கிடைக்கும். அந்த வாள் இருந்தால்தான் கடைசியில் டஹாகாவோடு மோத முடியும். இல்லாவிட்டால் கடைசிச் சண்டை காலத்தின் பேரரசியான கைலீனாவோடு நடக்கும், இளவரசன் தனியாக பாபிலோனுக்குத் திரும்புவான். மூன்றாம் பாகம் தொடங்குவது நீர்வாள் கிடைத்த முடிவிலிருந்து. அதனால் நடைபாதைகளைத் தேடாமல் முடித்தவர்கள், தங்கள் கையால் தோற்கடித்த கைலீனா மூன்றாம் பாகத்தின் முதல் காட்சியில் இளவரசனோடு கப்பலில் நிற்பதைப் பார்த்துக் குழம்பிப்போவார்கள்.